பரப்பின் பங்கு எவ்வளவு? நானோ அளவில் திண்மங்களின் மீட்சி

அவைத்தலைவர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

இழுவிசைக்கு ஒரு பொருள் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதைக் காட்டும் யங் குணகம் பொருளுக்கு உரிய பண்பு, பொருளின் அளவுக்கு உரியதன்று என்று பள்ளியில் படித்தோம். அந்தப் பாடம் பிழையன்று. ஆனால் பரப்பில் இருக்கும் அணுக்கள், உள்ளே இருப்பவற்றோடு ஒப்பிட, கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு குறைவு என்னும் நிபந்தனை அதற்குள் சொல்லப்படாமல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கனசதுரத்தில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஏறத்தாழ ஒன்றுதான் வெளி அடுக்கில் இருக்கும். பக்கத்தை 10 நானோமீட்டராகக் குறைத்தால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அணுக்கள் பரப்புக்கு வந்துவிடுகின்றன.

பரப்பில் உள்ள அணுவுக்கு ஒரு பக்கம் அண்டை அணுக்கள் இல்லை. பிணைப்புகள் குறைவதால் அந்த அடுக்கு நெகிழக்கூடும். எஞ்சிய பிணைப்புகளில் எலக்ட்ரான்கள் செறிவதால் அதே அடுக்கு விறைக்கவும் கூடும். எது மேலோங்கும் என்பது பொருளையும் படிகத்தின் எந்த முகம் வெளியே தெரிகிறது என்பதையும் பொறுத்தது. ஆகவே, சிறிதாகும் பொருள் எப்போதும் விறைப்பாகும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

திரவத்தின் பரப்பை விரித்தால் உள்ளிருந்து புதிய அணுக்கள் மேலே வந்து இடத்தை நிரப்பும். திண்மத்திலோ, இருக்கும் அணுக்களே இழுபடும். இதனால் திண்மத்தில் பரப்பு ஆற்றலும் (புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றல்) பரப்புத் தகைவும் (இருக்கும் பரப்பை இழுத்து விரிப்பதற்கு எதிரான விசை) ஒன்றல்ல என்பதை ஷட்டில்வொர்த் 1950இல் சமன்பாடாக எழுதினார். 1975இல் கர்டின், மர்டாக் இருவரும், பரப்பைத் தனக்கெனத் தகைவும் மீட்சி மாறிலிகளும் கொண்ட, தடிமனற்ற தோலாகக் கருதும் கோட்பாட்டை அமைத்தார்கள். 2000இல் மில்லர், ஷெனாய் இருவரும் அதைத் தகடுகளுக்கும் சட்டங்களுக்கும் பொருத்தி, பரப்பின் மீட்சி மாறிலியைப் பொருளின் யங் குணகத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கிறது என்றும், அளவு சார்ந்த மாற்றம் முழுவதும் அந்த நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தில் அடங்குகிறது என்றும் காட்டினார்கள்.

இந்த நீளத்தை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பரப்பின் மாறிலி மீட்டருக்கு 10 நியூட்டன் என்றும் பொருளின் குணகம் 100 கிகாபாஸ்கல் என்றும் கொண்டால், அது 0.1 நானோமீட்டர், ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. 10 நானோமீட்டர் தகட்டை இழுக்கும்போது விறைப்பில் மாற்றம் 2 விழுக்காடு. வளைக்கும்போது, வெளி அடுக்குகளே பெரும்பகுதிச் சுமையைத் தாங்குவதால், 6 விழுக்காடு. விளைவு உண்மையானது, ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு.

அந்த வரம்பைக் கருதாததால் நேர்ந்த குழப்பத்துக்கு, இரு பொருள்கள் ஒட்டியிருக்கும் இடைப்பரப்புகளைப் பற்றிய ஆய்வில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1977இல் யாங், சகலாகோஸ், ஹில்லியர்டு ஆகியோர் தங்கம்–நிக்கல், செம்பு–பல்லேடியம் ஆகியவற்றை மிக மெல்லிய அடுக்குகளாக மாறி மாறிப் படியவைத்த படலங்களில், அடுக்கின் மீள்வரிசை நீளம் (இரு உலோக அடுக்குகளும் சேர்ந்த ஓர் இணையின் தடிமன்) சில நானோமீட்டராக இருக்கும்போது மீட்சிக் குணகம் பல மடங்கு உயர்கிறது என்று அறிவித்தார்கள். அதைக் கோட்பாட்டால் விளக்கப் பலர் முயன்றார்கள். அளவீடோ, துளையின் மீது படலத்தைப் பொருத்தி, வளிம அழுத்தத்தால் உப்பவைத்து, உப்பிய உயரத்தைக் காணும் முறை. அதில் குணகம் உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் துளையின் ஆரத்தின் நான்மடிக்கு நேர்விகிதத்திலும் வருகிறது. ஆரத்தில் 10 விழுக்காடு தவறினால் விடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தவறும். படலம் தொடக்கத்தில் சற்றுத் தளர்ந்தோ சுருங்கியோ இருந்தாலும் விடை கெடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக்ஸ் என்பவரின் ஆய்வுக் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் இந்த முறையின் பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். கவனமாக அளந்தபோது அந்தப் பன்மடங்கு உயர்வு காணப்படவில்லை. இடைப்பரப்புத் தகைவால் அடுக்குகள் திரிபுற்று, அதனால் குணகம் சிறிதளவு மாறுவதை இது மறுக்கவில்லை.

2006இல் துத்தநாக ஆக்சைடு நுண்கம்பிகளை அதிரவைத்து அளந்த ஆய்வில், விட்டம் ஏறத்தாழ 120 நானோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் குணகம் தெளிவாக உயர்ந்தது. தடிமனற்ற தோல் இதற்குப் போதாது; ஆய்வாளர்கள் சில நானோமீட்டர் ஆழமுள்ள விறைப்பான உறை ஒன்றைக் கொண்டே விளக்கினார்கள். எனக்கு இது நேர்மையான வழியாகத் தெரிகிறது, ஏனெனில் அந்த உறையின் ஆழத்தை வேறு கருவிகளாலும் சோதிக்க முடியும்.

சிலிக்கானில் வேறொரு சிக்கல் உண்டு. காற்றுப் பட்டதும் அதன்மீது மெல்லிய ஆக்சைடு படர்கிறது. அதன் குணகம் ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல், சிலிக்கானின் குணகம் ஒரு திசையில் ஏறத்தாழ 170. 12 நானோமீட்டர் தகட்டில் இருபுறமும் 1.5 நானோமீட்டர் ஆக்சைடு இருந்தால், வளைவில் அளக்கும் குணகம் ஏறத்தாழ 112 ஆக இறங்கும், இழுவையில் 145. பரப்பு மீட்சியைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு குறைவு. தூய பரப்பு விளைவாயின் வளைவில் காணும் மாற்றம் இழுவையில் காண்பதன் சரியாக மூன்று மடங்காக இருக்க வேண்டும். இங்கே ஏறத்தாழ 2.3 மடங்குதான். ஆகவே ஒரே தகட்டை இரு வகையிலும் அளந்தால் ஆக்சைடின் விளைவையும் பரப்பின் விளைவையும் ஓரளவு பிரித்தறியலாம். ஆனால் ஆக்சைடு மெலிய மெலிய அந்த விகிதமும் மூன்றை நெருங்கிவிடுவதால், அதன் தடிமனை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் தனியே அளந்தாக வேண்டும்.