ராப்டுல முதல் பாட்டா தம்புரா வந்தா என்ன பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, வயலின் வாசிக்கிற ஒருத்தங்க அனுப்பியிருக்காங்க. "ஸ்பாட்டிஃபை ராப்டுல எனக்கு முதல் பாட்டா தம்புரா ஸ்ருதி வந்திருக்கு. ரெண்டாவது, பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதுக்காக ஓட்டின ஒரு சினிமாப் பாட்டு. ராத்திரி ஆசையா உட்கார்ந்து கேட்கிற ராகம் தானம் பல்லவி எதுவுமே லிஸ்ட்ல இல்ல. இந்த வருஷம் நான் நெஜமா என்ன கேட்டேன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் அதிகம் கேட்டவங்களுக்குத்தான் என் சந்தாப் பணம் போகுதா?" இதுதான் கேள்வி. ராப்டுங்கறது, வருஷத்துல நீங்க அதிகம் கேட்டதை ஸ்பாட்டிஃபைங்கற பாட்டு ஆப் வருஷக் கடைசியில காட்டற லிஸ்ட்.

முதல்ல தம்புரா விஷயத்தை முடிச்சிடுவோம். ஒரு டிராக் 30 செகண்டு ஓடிட்டா அதை ஒரு தடவைன்னு எண்ணுவாங்க. முதல் பாட்டு எதுங்கறதுக்கு இந்தத் தடவைக் கணக்குதான், நிமிஷக் கணக்கு இல்ல. 5 நிமிஷத் தம்புரா டிராக்கை ரிப்பீட்ல விட்டுட்டு ஒரு மணி நேரம் சாதகம், அதாவது பயிற்சி, பண்ணா 12 தடவை ஆச்சு. வருஷத்துக்கு 300 நாள் சாதகம்னா 3,600. எந்தப் பாட்டாலயும் அதைத் தாண்ட முடியாது.

இப்ப ராத்திரி கேட்கிற பல்லவிக்கு வாங்க. 50 நிமிஷப் பல்லவியை முழுசா கேட்டாலும் 1 தடவைதான். வாரத்துக்கு மூணு ராத்திரின்னா வருஷத்துக்கு 150-ஐ ஒட்டி வரும், அதுவும் பத்துப் பன்னெண்டு பல்லவிக்குப் பிரிஞ்சு போயிடும். 4 நிமிஷ சினிமாப் பாட்டை வகுப்புக்காக 400 தடவை ஓட்டியிருந்தா அது மேல வந்து உட்கார்ந்துக்கும். நிமிஷத்துல பார்த்தா பல்லவி 7,500, சினிமாப் பாட்டு 1,600. இன்னொரு வேடிக்கையும் இருக்கு. சில கச்சேரி ஆல்பத்துல ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம்னு நாலு டிராக்கா வெட்டிப் போட்டிருப்பாங்க, சிலதுல ஒரே டிராக். அதே சங்கீதம், ஒண்ணுக்கு நாலு எண்ணிக்கை, இன்னொண்ணுக்கு ஒண்ணு. அதனால கச்சேரி கேட்கிறவங்க அந்த லிஸ்டை ஒரு விளையாட்டாப் பார்த்துட்டு விட்டுடறது நல்லது. அது வருஷம் முடியறதுக்குச் சில வாரம் முன்னாடியே வேற வந்துடுது. மார்கழிக் கச்சேரிகளைக் கேட்டுட்டு, பிடிச்சதை ஸ்பாட்டிஃபைல தேடிக் கேட்டது எதுவுமே அந்தக் கணக்குல வராது.

சரி, மூலக் கணக்கை எடுக்கிற வழி. போன் ஆப்ல தேடாதீங்க. பிரவுசர்ல ஸ்பாட்டிஃபை அக்கவுண்டைத் திறந்து, பிரைவசி பக்கத்துக்குப் போங்க. அங்க டேட்டா டவுன்லோடு பண்ற இடத்துல ரெண்டு முக்கியமான வகை இருக்கும். ஒண்ணு சாதாரண அக்கவுண்ட் டேட்டா. சில நாள்ல வந்துடும், கடைசி ஒரு வருஷக் கேட்பு இருக்கும், ஆனா பாட்டு, ஆர்ட்டிஸ்ட், முடிஞ்ச நேரம், எவ்வளவு ஓடுச்சு, இந்த நாலுதான். இன்னொண்ணு எக்ஸ்டெண்டட் ஸ்ட்ரீமிங் ஹிஸ்டரி. நமக்கு அதுதான் வேணும். அக்கவுண்ட் ஆரம்பிச்ச நாள்லேருந்து எல்லாம் இருக்கும். 30 நாள் வரைக்கும் ஆகலாம்னு போட்டிருப்பாங்க. டேட்டா வேணும்னு கேட்டவுடனே ஒரு மெயில் வரும், அதுல உறுதி பண்ற பட்டனை அமுக்கணும். பல பேர் அதைக் கவனிக்காம விட்டுட்டு மாசக்கணக்கா காத்துக்கிட்டிருப்பாங்க. டிசம்பரும் சேர்ந்து வரணும்னா ஜனவரி முதல் வாரத்துல கேளுங்க.

வர்றது ஒரு ஜிப் ஃபைல். உள்ள ஜேசன்ங்கற வகை டேட்டா ஃபைல்கள் இருக்கும், ஆடியோவுக்குத் தனியா, வீடியோவுக்குத் தனியா. பேர்ல வருஷம் போட்டிருக்குன்னு ஒண்ணை மட்டும் எடுக்காதீங்க, ஒரு வருஷம் ரெண்டு ஃபைல்ல பிரிஞ்சு கிடக்கும். எக்ஸெல்ல டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஜேசன்னு போய்த் திறந்து, டூ டேபிள் கொடுத்து, காலம்னு சொல்ற நெடுவரிசையோட தலைப்புல இருக்கிற ரெண்டு அம்புக்குறியை அமுக்கி விரிச்சுக்குங்க. கூகுள் ஷீட்ஸ் ஜேசனை நேரா திறக்காது, எக்ஸெல்ல மாத்தித்தான் ஏத்தணும். பாட்டுப் பேர் காலியா இருக்கிற வரிகள் பாட்காஸ்ட் மாதிரி விஷயங்கள், முதல்ல அதை வடிகட்டிடுங்க.

காலம் நிறைய இருக்கும், பயப்படாதீங்க. பாட்டுப் பேர், ஆல்பம் பேர் போக நமக்கு வேண்டியது அஞ்சுதான்.

டி.எஸ்.னு ஒரு காலம், அது நேரம். இங்கதான் இசைக்காரங்க பெரும்பாலும் ஏமாந்துடுவாங்க. அது நம்ம ஊர் நேரம் இல்ல, யூ.டி.சி.ங்கற உலகப் பொது நேரம். நம்மளை விட 5 மணி 30 நிமிஷம் பின்னாடி. விடிகாலை 4.30-க்கு முடிச்ச சாதகம் முந்தின நாள் ராத்திரி 11 மணின்னு பதிவாகியிருக்கும். அப்படியே விட்டுட்டு வரைபடம் போட்டா, "அட, நான் ராத்திரியில இவ்வளவு தம்புரா கேட்டிருக்கேனா"ன்னு தோணும். அதுல இருக்கிற டி எழுத்துக்குப் பதிலா ஒரு இடைவெளி விட்டு, இசட்டை நீக்கிட்டு, தேதியா மாத்தி, 5.5-ஐ 24-ஆல வகுத்து வர்றதைக் கூட்டுங்க. சரியாயிடும். இன்னொண்ணு, அது பாட்டு நின்ன நேரம், ஆரம்பிச்ச நேரம் இல்ல. 50 நிமிஷப் பல்லவிக்கு அந்த வித்தியாசம் பெருசு.

அடுத்தது எம்.எஸ். பிளேய்டு. மில்லி செகண்டு. 60,000-ஆல வகுத்தா நிமிஷம். 30,000-க்குக் கீழ இருக்கிற வரிகளைத் தனியா ஒதுக்குங்க, அழிக்காதீங்க, பின்னாடி சொல்றேன். 4 நிமிஷப் பாட்டுக்கு ஒரே வரியில 11 நிமிஷம்னு இருந்தா குழம்ப வேண்டாம். ஒரு வரியை மாத்தி மாத்திப் பாடற சங்கதியைப் பிடிக்கிறதுக்காகப் பின்னாடி இழுத்து இழுத்துக் கேட்டது அது.

அப்புறம் ரீசன் ஸ்டார்ட், ரீசன் எண்ட். எப்படி ஆரம்பிச்சது, எப்படி முடிஞ்சது. ஸ்டார்ட்ல கிளிக்ரோன்னு இருந்தா நீங்களே லிஸ்ட்ல விரல் வச்சு எடுத்த பாட்டு. டிராக்டன்னு இருந்தா முன்னாடி பாட்டு முடிஞ்சு தானா வந்தது. எண்ட்ல டிராக்டன்னு இருந்தா கடைசி வரைக்கும் ஓடியிருக்கு. எஃப்.டபிள்யூ.டி.பி.டி.என்.னு குறுக்கி எழுதியிருந்தா, தாண்டிட்டீங்க. ஸ்கிப்டுன்னு தனிக் காலமும் இருக்கு, ஆனா பழைய வரிகள்ல பல இடத்துல காலியா இருக்கும். அதை நம்பாம ரீசன் எண்டையே பாருங்க.

அஞ்சாவது ஆர்ட்டிஸ்ட் பேர். அதைக் கொஞ்ச நேரம் கழிச்சு.

இப்ப ஒரு புதுக் காலம் சேர்த்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு எழுத்து போடுங்க. ஸ்ருதி, தாளம், மெட்ரோனோம் எல்லாம் 'க', கருவி. வகுப்புக்கும் கச்சேரிக்கும் பழகறதுக்காக ஓட்டினது 'ப', பாடம். மிச்சம் 'ர', ரசனை. ஆயிரக்கணக்கான வரிக்கும் கையால போட வேண்டாம். எக்ஸெல்ல தொகுத்துக் கூட்டிக் காட்டற பிவட் டேபிள்ல பாட்டுப் பேரை வச்சு நிமிஷத்தைக் கூட்டி, மேல இருக்கிற 100 பாட்டுக்கு மட்டும் போட்டா போதும், பெரும்பங்கு நிமிஷம் அதுலயே வந்துடும். ஒரே பாட்டு ஒரே நாள்ல அஞ்சு தடவைக்கு மேல, அதுவும் பின்னாடி போற பட்டனோட இருந்தா, சந்தேகமே வேண்டாம், பாடம்.

'ர'வை மட்டும் எடுத்து, அதுல கிளிக்ரோவுல ஆரம்பிச்சு டிராக்டன்ல முடிஞ்ச வரிகளைப் பாருங்க. அதுதான் நீங்க வேணும்னு எடுத்து, கடைசி வரைக்கும் கேட்டது. என்னைக் கேட்டா, ராப்டு காட்டற மொத்த நிமிஷத்தை விட இந்தச் சின்ன லிஸ்ட்தான் மதிப்பு. ஆல்பம் கேட்கிறவங்களுக்கு ஒரு திருத்தம் வேணும். முதல் டிராக்தான் கிளிக்ரோ, மத்ததெல்லாம் டிராக்டன்னு வரும். அதனால அதே ஆல்பம் அடுத்தடுத்து வந்திருந்தா சேர்த்துக்குங்க. ஆல்பம் மாறிடுச்சுன்னா பெரும்பாலும் ஆட்டோபிளே, அதாவது ஆப்பே தானா அடுத்த பாட்டைப் போடற வேலை, விட்டுடுங்க. ஒதுக்கி வச்ச 30 செகண்டுக்குக் கீழ உள்ள வரிகளும் உபயோகம்தான். ஒருத்தரோட பத்து டிராக்கை ஆரம்பிச்சு ஆரம்பிச்சுத் தாண்டியிருந்தா, அவங்களைப் பிடிக்கும்னு நீங்க நெனச்சுக்கிட்டிருக்கீங்க, காது ஒத்துக்கல.

ஆர்ட்டிஸ்ட் பேர்ல ரெண்டு கோளாறு. இந்த ஃபைல்ல வர்றது ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், பாடினவங்க இல்ல. தமிழ் சினிமா ஆல்பத்துல அது பெரும்பாலும் இசையமைப்பாளர். ஒரு பாடகியோட குரலுக்காகவே வருஷம் முழுக்க கேட்டிருந்தாலும் அவங்க பேர் எங்கயும் வராது, நாலு இசையமைப்பாளர் கணக்குல சிதறிடும். கர்நாடக சங்கீதத்துல இதுக்கு நேர் எதிரான தொல்லை. ஒரே வித்வான் பேரை இனிஷியலுக்கு நடுவுல இடம் விட்டு, விடாம, புள்ளி வச்சு, வைக்காமன்னு நாலு விதமா எழுதியிருப்பாங்க, சில இடத்துல தியாகராஜரே ஆர்ட்டிஸ்டா இருப்பார். கையால ஒண்ணாக்கித்தான் கூட்டணும். ராகவாரியா பார்க்க ஆசைன்னா ராகத்துக்கும் தனிக் காலம் போடுங்க, டைட்டில்ல தேடி எடுக்காதீங்க. தோடின்னு தேடினா இந்துஸ்தானி தோடியும் வந்து விழும். அது நம்ம சுபபந்துவராளிக்குக் கிட்ட, நம்ம தோடி இல்ல. ரெண்டையும் கூட்டினா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல.

யூடியூப்லயும் கேட்கிறவங்க நம்ம டேட்டாவை இறக்கிக்கிற கூகுள் டேக்அவுட்ல வாட்ச் ஹிஸ்டரி எடுக்கலாம். தானா எச்.டி.எம்.எல்.னு இருக்கும், ஜேசன்னு மாத்திக்குங்க. ஆனா எப்ப திறந்தீங்கன்னு மட்டும்தான் அதுல இருக்கும், எவ்வளவு நேரம் கேட்டீங்கன்னு இருக்காது. ரெண்டு ஆப்பையும் ஒரே கணக்குல பார்க்கணும்னா கேட்கிறதைப் பதிவு பண்ணி வைக்கிற லாஸ்ட்.எஃப்எம்ல இணைக்கலாம். அங்க பாதிப் பாட்டோ 4 நிமிஷமோ, எது முதல்ல வருதோ அப்ப ஒண்ணுன்னு எண்ணுவாங்க. நீளமான ராகத்துக்கு அங்கயும் நியாயம் கிடைக்காது.

அடுத்த வருஷம் இந்தப் பாடு படாம இருக்க, தம்புராவை ஸ்ட்ரீமிங்லேருந்தே எடுத்துடுங்க. ஸ்ருதி பெட்டி ஆப் போதும், கட்டையையும், அதாவது ஸ்ருதி அளவையும், நுணுக்கமா மாத்திக்கலாம், நெட்டும் வேண்டாம். பாடத்துக்குன்னு ஒரே பிளேலிஸ்ட் வச்சு, அதோட மூணு புள்ளி மெனுவுல உங்க ரசனையைக் கணிக்கிற டேஸ்ட் புரொஃபைல்லேருந்து விலக்கற வசதியைப் போடுங்க. பரிந்துரையில வகுப்புப் பாட்டு தொந்தரவு பண்றது குறையும். ரகசியமா கேட்கிற பிரைவேட் செஷனை நம்பி இருக்காதீங்க, தானா அணைஞ்சிடும். ஆட்டோபிளேவை செட்டிங்ஸ்ல அணைச்சிடுங்க. கேட்டுக்கிட்டே தூங்கினா விடிய விடிய ஓடி, அத்தனையும் முழுசா கேட்டதா பதிவாகும்.

பணக் கேள்வி. இல்லைங்க, உங்க சந்தா நீங்க கேட்டவங்களுக்குன்னு தனியா போறதில்ல. ஒரு நாட்டுல வர்ற வருமானம் ஒண்ணாச் சேரும், அந்த மாசத்து மொத்தக் கேட்புல யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்துல உரிமை வச்சிருக்கிற கம்பெனிக்கும் விநியோகஸ்தருக்கும் போகும். அங்கேருந்து ஒப்பந்தப்படி பாடினவங்களுக்கு. இங்கயும் எண்றது தடவைதான், உங்க 50 நிமிஷப் பல்லவியும் 2 நிமிஷப் பாட்டும் ஒரே எடை. 2024-லேருந்து இன்னொரு விதியும் இருக்கு. கடைசி 12 மாசத்துல ஒரு டிராக் 1,000 தடவை ஓடியிருந்தாத்தான் அந்தப் பதிவுக்கு ராயல்டி கணக்கே ஆரம்பிக்கும். சின்ன வித்வான்களோட பழைய கச்சேரிப் பதிவுகள் நிறைய அந்தக் கோட்டுக்குக் கீழதான் நிக்குது. அதுக்காக உங்க சொந்த டிராக்கை மியூட்ல வச்சு ராப்பகலா ஓட்டலாமான்னு கேட்காதீங்க. செயற்கைக் கேட்புன்னு பிடிச்சாங்கன்னா அந்த எண்ணிக்கையைக் கழிச்சிடுவாங்க, அளவு மீறினா டிராக்கையே தூக்கிடவும் செய்வாங்க.