நெப்ராஸ்காவுல ஒரு முதல் நம்பர் பட்டா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் முப்பது வருஷம் ரெவின்யூல குப்பை கொட்டினவன், கதை கவிதையெல்லாம் எனக்கு வராது, ஆனா பட்டா சிட்டா அடங்கல்னா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், அதனால இன்னைக்கும் ஒரு பட்டா கதைதான், ஊர்தான் கொஞ்சம் தூரம்.

பொண்ணு அமெரிக்காவுல, நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவுல இருக்கா. அங்கேர்ந்து தெற்கே கார்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள பியாட்ரிஸ்னு ஒரு ஊரு, அதுக்குப் பக்கத்துல டேனியல் ஃப்ரீமேன்னு ஒருத்தரோட நிலத்த அரசாங்கமே நினைவிடமா வெச்சிருக்கு. 1862 மே 20ந்தேதி லிங்கன் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு, 160 ஏக்கர் எடுத்துக்கோ, அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் பண்ணிக் காட்டு, நிலம் உனக்கேன்னு. நம்ம கண்டிஷன் பட்டா மாதிரிதான். எல்லாம் சேத்து கட்டணம் 18 டாலர். அது அமலுக்கு வந்தது 1863 ஜனவரி 1. அதுக்கு முந்தின ராத்திரி ப்ரௌன்வில்ங்கற ஊர்ல புது வருஷக் கொண்டாட்டத்துல நில ஆபீசரப் புடிச்சு, நான் பட்டாளத்துக்குத் திரும்பணும், ஆபீசத் தொறங்கன்னு கெஞ்சி, பன்னெண்டு மணி தாண்டினதும் ஃப்ரீமேன் மனு குடுத்தாருன்னு கதை சொல்றாங்க. கதை எவ்வளவு நெசமோ, ஆனா மனு நம்பர் 1, கடைசியில வந்த பட்டா பதிவானது முதல் புஸ்தகத்துல முதல் பக்கம், அது ரெக்கார்டு.

எனக்கு அந்தப் பார்ட்டிக் கதையில ருசி இல்லீங்க. 1868 ஜனவரியில அஞ்சு வருஷம் முடிஞ்சதும் அக்கம்பக்கத்துக்காரங்க ரெண்டு பேரு சாட்சி சொல்லி கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணு இருக்கு, நம்ம பாஷையில சொன்னா மகசர், அதுலதான் அந்தக் குடும்பமே இருக்கு. வீடு பாதி மரக்கட்டை பாதி பலகை, 14க்கு 20 அடி, ரெண்டு கதவு ரெண்டு ஜன்னல், தரைக்குப் பலகை. உழுது வேலி போட்டு சாகுபடி பண்ணது சுமார் 35 ஏக்கர். ஒரு லாயம், மக்காச்சோளம் கொட்டி வைக்க ஒரு பட்டறை, ஆப்பிள் மரம் 40, பீச் மரம் சுமார் 400. அப்புறம் ஆட்டுக்கொட்டாய், நீளம் 100 அடி! மனுஷன் இருக்கற வீடு 20 அடி, ஆடு இருக்கறது 100 அடி. இதப் படிச்சுட்டு நான் சிரிச்சேன், பொண்ணு என்னப்பான்னா, ஒண்ணுமில்லம்மா இவன் நெசமான வெவசாயிதான்னேன்.

இன்னொண்ணு, 160 ஏக்கர்னா வழக்கமா சதுரமா அளந்து குடுப்பாங்க, இவருது வரைபடத்துல இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி நிக்குது. கப் க்ரீக்குன்னு ஒரு ஓடை அதுக்குள்ள ஓடுது. தண்ணி, ஓரத்துல மரம், ரெண்டும் இருக்கு. புல்வெளி தேசத்துல விறகுக்கும் வீட்டுக்கும் மரம் வேற எங்க போய்த் தேடறது, சர்வே எண் பாத்து எடுத்த ஆளு இல்ல, நெலத்த நடந்து பாத்து எடுத்த ஆளுன்னு தோணுது.

சரி, அது யாரு நெலம்? ஓட்டோ, மிசோரியாங்கற பழங்குடிகளோட பூமி அந்தப் பக்கமெல்லாம். 1854 ஒப்பந்தத்துல அவங்கள பிக் ப்ளூ ஆத்தோரமா ஒரு துண்டுக்குள்ள ஒதுக்கிட்டாங்க, 1881ல அதையும் விட்டுட்டு ஒக்லஹோமாவுக்குப் போக வெச்சாங்க. ஒரு ரிஜிஸ்டர்ல தரிசுன்னு எழுதிட்டா அங்க இதுக்கு முன்னாடி யாருமே இல்லன்னு ஆயிடும், அத எழுதற எடத்துல உக்காந்திருந்தவன் நான், எனக்குத் தெரியும்.

அந்த மகசர்ல குடும்பத்தப் பத்தி இருக்கறது, மனைவி, ரெண்டு குழந்தைகள், அவ்வளவுதான். மனைவிக்குப் பேரு கெடையாதா? ஆக்னஸ் சூட்டர். அயோவாவுல லெ க்ளேர்ங்கற ஊருப் பொண்ணு. மொதல்ல டேனியலோட கூடப்பொறந்தவருக்குத்தான் நிச்சயம் பண்ணியிருந்தாங்க, அவரு உள்நாட்டுப் போர்ல போயிட்டாரு, அப்புறம் டேனியல் லெட்டர் போட ஆரம்பிச்சு, லெட்டர்லயே பேசிப் பேசி 1865ல கல்யாணம். நம்ம ஊர்ல இது புதுசா என்ன, ஆனா அங்க அந்தப் பொண்ணு போய் எறங்கினது 14க்கு 20 வீட்டுல. அந்தச் சட்டத்துல விதவையோ கல்யாணமாகாத பொண்ணோ தன் பேர்லயே மனு போடலாம், புருஷனோட இருக்கறவ போட முடியாது, அதனாலதான் காகிதத்துல வெறும் மனைவி.

டேனியல் லேசுப்பட்ட ஆளு இல்ல. வயசான காலத்துல பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பைபிள் படிச்சு ஜெபம் பண்றாங்கன்னு கேஸ் போட்டு, 1902ல மாநில உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சாரு. 1908 டிசம்பர்ல போனாரு. ஆக்னஸ் 1931 வரைக்கும் இருந்தாங்க. ரெண்டு பேரையும் அந்த நெலத்துலயே பொதைச்சிருக்காங்க, கல்லுல பேரு ரெண்டும் இருக்கு.

கேள்வி இருந்தா கேளுங்க. 160 ஏக்கர் இப்பக் கெடைக்குமான்னு மட்டும் கேக்காதீங்க, 1976லயே நிறுத்திட்டாங்க, அலாஸ்காவுல மட்டும் இன்னும் பத்து வருஷம் ஓடுச்சு.