பாதித் தண்ணி மாத்தினா மீன் மொத்தமா ஏன் சாவுது? பெங்களூர்ல முதல் மீன் தொட்டி

[திரையில்: இரண்டடித் தொட்டி, கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணி, மேல ஒரு கப்பி மீன் மல்லாந்து மிதக்குது]

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சிவாஜிநகர்ல தொட்டி, மோட்டார், கலர் கல்லு, பத்து மீன், எல்லாம் ஒரே ஆட்டோல வீட்டுக்கு வந்துடுது. சாயந்தரமே குழாய்த் தண்ணியை ரொப்பி மீனை விட்டாச்சு. அடுத்த வாரத்துக்குள்ள ஒண்ணு ரெண்டு மிதக்குது. கடைக்காரருக்கு போன் போட்டா, "பாதித் தண்ணியை மாத்துங்க சார்"ங்கறார். மாத்தறோம். ராத்திரிக்குள்ள மிச்சமும் காலி. அத்தை வந்து எட்டிப் பாத்துட்டு, "வீட்டு மேல இருந்த கண்ணை மீன் வாங்கிக்கிச்சு, விடுப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

கண்ணும் இல்ல, காத்தும் இல்ல மக்களே. அம்மோனியா. தெளிவாத் தெரியற தண்ணில கண்ணுக்கே தெரியாம இருக்கிற விஷம். தண்ணியை மாத்தினதும் அது ஏன் குறையாம ஏறுதுங்கறதுதான் இந்த வீடியோ. நடுவுல, ஹோட்டல்ல நீங்க சாப்பிடற பாசா மீனுக்கும் உங்க தொட்டியில சுத்தற "ஷார்க்"குக்கும் என்ன சொந்தம்னு சொல்றேன். ஓட்டிப் பாத்துடாதீங்க.

முதல்ல தொட்டி. சட்டுனு முடிச்சுடலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கொள்ளளவு 56 லிட்டர். "சின்னதுல ஆரம்பிச்சுப் பழகிட்டு அப்புறம் பெருசு வாங்கறேன்"னு நிறைய பேர் சொல்றாங்க, நேர்மாறாச் செய்யுங்க. தண்ணி கம்மியா இருந்தா விஷம் சீக்கிரம் ஏறும், சூடும் சீக்கிரம் ஏறி இறங்கும். அஞ்சு லிட்டர் உருண்டை பவுல்ல கோல்ட் ஃபிஷ் வைக்கறது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. அது ஆறெட்டு இன்ச் வளர வேண்டிய மீன்.

அடியில 2 இன்ச் கல்லு போட்டா அதுவே 14 கிலோ. கண்ணாடி 9 கிலோ, தண்ணி 46 லிட்டர். கூட்டிப் பாருங்க, எழுபது கிலோ வருது. டிவி ஸ்டாண்டு மேல ஒரு ஆள் ஏறி நின்னா தாங்குமா? தாங்காதுன்னா தொட்டியையும் தாங்காது. தொட்டிக்கு அடியில தெர்மோகோல் ஷீட் ஒண்ணு கண்டிப்பாப் போடுங்க. ஸ்டாண்டுல சின்னதா ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருந்தாலே கண்ணாடி அங்கதான் விரிசல் விடும்.

ஃபில்டர்: மணிக்கு 250 லிட்டர்லேர்ந்து 300 லிட்டர் வரைக்கும் தள்ளற சின்ன பவர் ஃபில்டர், இல்லன்னா ஏர் பம்ப்ல ஓடற ஸ்பாஞ்ச் ஃபில்டர். என் ஓட்டு ஸ்பாஞ்சுக்கு. கரண்ட் போனா பேட்டரி பம்ப்ல ஓட்டிக்கலாம், கெட்டுப் போறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. ஏர் பம்பைத் தண்ணி மட்டத்துக்குக் கீழ வைக்கிறதா இருந்தா, டியூப்ல நான்-ரிட்டர்ன் வால்வ் ஒண்ணு மாட்டிடுங்க. இல்லன்னா கரண்ட் போன நேரத்துல தண்ணி டியூப் வழியாத் திரும்பி வந்து பம்பையும் கெடுக்கும், தரையையும் நனைக்கும்.

லைட்டு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் போதும். அவ்வளவுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: அம்மோனியா → நைட்ரைட் → நைட்ரேட்]

மீன் செவுள் வழியாவும் கழிவு வழியாவும் அம்மோனியாவை விட்டுக்கிட்டே இருக்கும். மிஞ்சிப் போன தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு கூட்டம் பாக்டீரியா அதைத் தின்னு நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். இது அவ்வளவு ஆபத்து இல்ல, வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினாப் போயிடும். இந்த ரெண்டு கூட்டமும் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டு வளரும். புதுத் தொட்டியில ரெண்டுமே கிடையாது. வளர்றதுக்கு நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். கடையில இதைச் சொன்னா அன்னைக்கு மீன் விக்காது, அதனால சொல்ல மாட்டாங்க.

இதுக்குத் தயிர் உறை ஊத்தறதைத்தான் சொல்லணும். உறைமோர் இல்லாம பால் தானா தயிர் ஆகும்னு யாராவது காத்திருப்பாங்களா? நல்லா ஓடற தொட்டி வெச்சிருக்கிற நண்பர்கிட்ட ஒரு அழுக்கு ஸ்பாஞ்ச் துண்டு கேளுங்க. கழுவாம, அந்தத் தொட்டித் தண்ணியிலயே நனைச்சு எடுத்துட்டு வந்து உங்க ஃபில்டர்ல சொருகுங்க. ஆறு வாரம் ஒண்ணு ரெண்டு வாரமாச் சுருங்கிடும். இன்னொரு ஒத்துமையும் இருக்கு: டிசம்பர் மாசம் பெங்களூர்ல சாயந்தரம் உறை ஊத்தினா காலையில பால் பாலாவே நிக்கும் இல்லையா? இந்த பாக்டீரியாவும் அப்படித்தான், குளிர்ல மந்தம். 26 டிகிரி, 28 டிகிரி வெச்சீங்கன்னா மடமடன்னு வளரும். சென்னையில இருக்கிற மச்சான் "எங்களுக்கு மூணு வாரத்துல ஆயிடுச்சே"ன்னு சொன்னா நம்புங்க, ஆனா அதே கணக்கை அல்சூர்ல எதிர்பார்க்காதீங்க.

சரி, ஸ்பாஞ்ச் கொடுக்க ஆள் இல்ல. என்ன பண்றது? மீன் இல்லாமலே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடணும். லேப் தரத்துல அம்மோனியம் குளோரைடு வாங்குங்க. நாட்டு மருந்துக் கடையில நவச்சாரம்னு விக்கறதும் அதே பொருள்தான், ஆனா அதுல வேற என்ன கலந்திருக்குன்னு சொல்ல முடியாது, நான் தொட்டியில போட மாட்டேன். 46 லிட்டர் தண்ணிக்கு 0.3 கிராம் போட்டா அம்மோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். ஃபில்டர் நிக்காம ஓடணும். சொட்டு விட்டுப் பாக்கற டெஸ்ட் கிட்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாருங்க. முதல்ல அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா காலியாகும்போது மட்டும் திரும்ப 0.3 கிராம். நைட்ரைட் ரொம்ப நாள் உச்சியிலயே நின்னுட்டு இருக்கும். இந்த இடத்துலதான் பொறுமை போய் முக்காவாசிப் பேர் மீன் வாங்கிட்டு வந்துடறாங்க. 2 பிபிஎம் போட்டு 24 மணி நேரத்துல அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம்னு வர்ற அன்னைக்குத்தான் தொட்டி தயார். அப்போ முக்கால்வாசித் தண்ணியை மாத்தி நைட்ரேட்டை இறக்கிட்டு மீன் வாங்கப் போங்க.

இப்போ தலைப்புல கேட்ட கேள்வி. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

டெஸ்ட் கிட் காட்டற அம்மோனியா ரெண்டு வேஷத்துல இருக்கு. ஒண்ணு அம்மோனியம், மீனைப் பெருசா ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு நிஜமான அம்மோனியா, செவுளை எரிக்கறது. எது எவ்வளவுங்கறதைத் தீர்மானிக்கறது தண்ணியோட பிஎச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டற அளவு; 7 நடுநிலை, மேல போகப் போகக் காரம். 25 டிகிரியில பிஎச் 7 இருந்தா, மொத்தத்துல 0.57 சதவீதம்தான் விஷ வேஷம். பிஎச் 8 ஆனா 5.4 சதவீதம். ஒரே ஒரு புள்ளி ஏறினதுக்கு விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு.

[திரையில்: ரெண்டு டெஸ்ட் குழாய், ரெண்டுலயும் ஒரே பச்சை நிறம், ஒண்ணுல பிஎச் 7, ஒண்ணுல 8]

பெங்களூர் அப்பார்ட்மென்ட் சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணித் தொட்டியை நினைச்சுப் பாருங்க. ஒரு வாரம் காவிரித் தண்ணி. அடுத்த வாரம் டேங்கர், அதாவது போர்வெல் தண்ணி, உப்பும் சுண்ணாம்பும் தூக்கலா. தொட்டியை ரொப்பின அன்னைக்குக் காவிரி, பிஎச் 7ல நிக்குது. பத்து மீன் சேந்து அம்மோனியாவை 2 பிபிஎம் ஆக்கிடுச்சு, இருந்தும் மீன் எப்படியோ சமாளிக்குது. நீங்க பாதித் தண்ணியை எடுத்துட்டு டேங்கர் தண்ணியை ஊத்தறீங்க. மொத்த அம்மோனியா 1 பிபிஎம்முக்கு இறங்கிடுச்சு, சந்தோஷம். ஆனா போர்வெல் தண்ணியோட சுண்ணாம்புச் சத்து பிஎச்சைத் தன் பக்கம் இழுத்துடும். கலந்தது 8ல வந்து நின்னா விஷப் பங்கு 0.011 பிபிஎம்லேர்ந்து 0.054க்குப் போயிடுது. பாதித் தண்ணியை மாத்தி விஷத்தை அஞ்சு மடங்கு ஆக்கியாச்சு! கடைக்காரர் சொன்னதும் தப்பில்ல, நீங்க செஞ்சதும் தப்பில்ல, மீன் மட்டும் செத்துடுச்சு.

அதனால மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தண்ணியோட பிஎச்சையும் பாருங்க. வித்தியாசம் அரைப் புள்ளிக்கு மேல இருந்தா பத்து சதவீதம் மட்டும் மாத்துங்க, மறுநாள் இன்னொரு பத்து.

தண்ணியைப் பத்தி இன்னும் மூணு விஷயம். காவிரித் தண்ணில குளோரின் இருக்கும்; ஆன்டி-குளோரின் சொட்டை பாட்டில்ல போட்டிருக்கிற அளவுக்கு விடுங்க, இல்ல ஒரு நாள் பக்கெட்ல காத்துக் குமிழி விட்டு வைங்க. ரெண்டாவது, அப்பார்ட்மென்ட் சாஃப்ட்னர் தண்ணியை நம்பிடாதீங்க. அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை வைக்குது, பிஎச் அப்படியே உசரமாத்தான் இருக்கும், கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர்லயும் பெருசா மாறாது. மூணாவது, வெறும் ஆர்ஓ தண்ணி. அதுல பிஎச்சைப் பிடிச்சு வெக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, சில வாரத்துல சரிஞ்சுடும். டேங்கர் தண்ணி ரொம்ப உப்புன்னா பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்துக்குங்க, போதும்.

ஹீட்டர் வேணுமா? பெங்களூர்ல டிசம்பர், ஜனவரி ராத்திரி 15, 16 டிகிரி வரும். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு, 50 வாட் போதும். தண்ணி மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிடுங்க, வெளிய தெரியற ஹீட்டர்ல ஜில்லுனு தண்ணி பட்டா கண்ணாடி வெடிச்சுடும்.

மீன்! எட்டு ஜீப்ரா டேனியோ. கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து நம்ம ஊர் மீன், குளிரைப் பத்திக் கவலையே படாது. அடியில மேயறதுக்கு ஆறு பெப்பர் கோரி, சின்னக் கெளுத்தி வகை. இதுலயே இந்தத் தொட்டி நிறைஞ்சுடும். கடினத் தண்ணி ஏரியான்னா டேனியோவுக்குப் பதிலா ஆறு கப்பி, ஆண் மட்டும். பெண் ஒண்ணு சேந்தாலும் மாசா மாசம் குட்டி போடும், ஆண் பக்கத்துலயே இல்லன்னாலும் சில மாசம் போடும். முதல் வாரம் நாலு மீன் மட்டும் விடுங்க, பத்து நாள் கழிச்சு மிச்சம்.

வாங்கக் கூடாதது ரெண்டு. "டேங்க் க்ளீனர்"னு குடுக்கற சக்கர் மீன் ஒண்ணரை அடி வளரும், கழிவைத் தின்னாது, அதுவே நிறையக் கழிவு போடும். வளர்ந்ததும் ஏரியில விட்டு விட்டு, கேரளத்துலயும் கொல்கத்தா ஈரநிலத்துலயும் அது பெருகி உள்ளூர் மீனை நெருக்குது. நீங்க அல்சூர் ஏரியில கொண்டு போய் விட்டுடாதீங்க.

ரெண்டாவது, நம்ம ஷார்க். மூணு இன்ச்ல, வெள்ளி நிறத்துல, கண்ணாடியோரமா மேலும் கீழும் ஓடிக்கிட்டு இருக்கும், குழந்தைங்க விடாது. அது சுறாவே இல்ல. மீகாங் நதியோட பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல வளரும். ஆந்திராவுல குளம் குளமா வளர்க்கறாங்க, ஹோட்டல்ல பாசான்னு முள்ளில்லாம தட்டுக்கு வர்றது பெரும்பாலும் இதேதான். வேடிக்கை என்னன்னா, பண்ணையில கணக்கில்லாம இருக்கிற இந்த மீன் அதோட சொந்த ஆத்துல அழியற பட்டியல்ல இருக்கு. உங்க இரண்டடித் தொட்டியில அது ஆறு மாசம் மூக்கை இடிச்சுக்கிட்டு வாழும். சாப்பிடணும்னா ஹோட்டலுக்குப் போங்க.

வீட்டுக்கு வந்ததும் மீன் கவரை இருபது நிமிஷம் தொட்டியில மிதக்க விடுங்க. அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டம்ளர்னு தொட்டித் தண்ணியை நாலு தடவை கவர்ல ஊத்திட்டு, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க. கவர்த் தண்ணி சிங்க்குக்கு. அன்னைக்குத் தீனி வேண்டாம். மறுநாள்லேர்ந்து ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு, ஒரு வேளை.

வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணி. ஸ்பாஞ்சைக் குழாயில கழுவாதீங்க. எடுத்த பழைய தண்ணியிலயே நாலு தடவை பிழிஞ்சு விடுங்க. தீபாவளிக்கு வீடு கழுவற வேகத்துல தொட்டியையும் கவுத்து சோப்பு போட்டுத் தேய்க்கிற பழக்கம் சில வீட்டுல இருக்கு. அன்னைக்கு அந்த ஆறு வாரக் கணக்கு திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும்.

கமென்ட்ல "ப்ரோ, மீன் செத்துடுச்சு, என்ன மருந்து?"ன்னு மட்டும் போடாதீங்க, பதில் சொல்ல முடியாது. தொட்டி அளவு, அம்மோனியா, நைட்ரைட், பிஎச், கடைசியா ஊத்தினது காவிரியா டேங்கரா, இந்த அஞ்சையும் போடுங்க.