நூறு வருஷத்துக்குத் தண்ணீர் காட்டு, அப்புறம் மனை போடு: அரிசோனாவின் நிலத்தடி நீர்ச் சட்டம்

[காட்சி: பாலைவனத்தின் ஓரத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். பின்னால் மொட்டை மலை. திரையில் மெதுவாக ஒரு சொத்து வரிச் சீட்டு.]

வணக்கம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். பீனிக்ஸ் நகரத்தின் விளிம்பில் ஒரு புதுக் குடியிருப்பு. அங்கே வீடு வாங்கிய ஒருவருக்குச் சொத்து வரிச் சீட்டு வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு என்று போகும் அந்தச் சீட்டில் ஒரு வரி மட்டும் நமக்குப் புதிதாகத் தெரியும். அவர் வீட்டுக் குழாயில் வந்த நிலத்தடி நீருக்கு ஈடாக, அதே அளவு தண்ணீரை மண்ணுக்குள் திருப்பி விடுவதற்கான கட்டணம் அது.

தண்ணீர் பில் இதில் சேராது. அதை மாதாமாதம் தண்ணீர் கம்பெனிக்குத் தனியாகக் கட்டிவிட்டார். பில்லில் கட்டியது எடுத்ததற்கு. இது திருப்பி வைப்பதற்கு. இந்த ஒற்றை வரி அந்தச் சீட்டுக்குள் எப்படி வந்தது, அதனால் நிலத்துக்கு உண்மையிலேயே நன்மை உண்டா என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: வெடித்த நிலம். டிரோன் மேலே ஏற ஏற, வெடிப்பு வயல்களைக் கடந்து நீண்டுகொண்டே போகிறது.]

1980-க்கு முன்னால் அரிசோனாவில் நிலம் யாருடையதோ, அதன் அடியில் இருக்கும் தண்ணீரை அவர் இறைத்துக்கொள்ளலாம். மோட்டாரின் பலம்தான் வரம்பு. பருத்தி விவசாயம், தாமிரச் சுரங்கம், வளரும் நகரங்கள் என்று எல்லாரும் ஒரே நீர்த்தட்டில் குழாயை இறக்கினார்கள். டூசானுக்கும் பீனிக்ஸுக்கும் நடுவே ஈலாய் என்ற ஊர். அதைச் சுற்றியுள்ள சில இடங்களில் 1985-க்குள் நிலம் 15 அடிக்கு மேல் உள்ளே போய்விட்டது. ஒன்றரை மாடி உயரம்! ஆனால் அங்கே நிற்பவருக்கு இது தெரியாது. வயல், ரோடு, கம்பம் எல்லாம் சேர்ந்து ஒன்றாக இறங்குவதால் சர்வே அளந்தால்தான் பிடிபடும்.

கண்ணுக்குத் தெரிவது வெடிப்புதான். பக்கத்தில் பிகாச்சோ என்ற இடத்தில் 1927-லேயே முதல் வெடிப்பைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் தலைமுடி அகலத்தில் ஒரு கோடு மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு நாள் சாயங்காலம் இடிமழை அடிக்கும். தண்ணீர் அந்தக் கோட்டில் இறங்கி இரண்டு பக்கமும் மண்ணை அரித்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் குதிரை விழும் அளவுக்குப் பள்ளம். நீர்மட்டம் கீழே போனதும் மண் துகள்களுக்கு நடுவே இருந்த இடம் நசுங்கிப்போகிறது. நசுங்கிய களிமண் அடுக்கு பழையபடி உப்பாது. அப்புறம் எவ்வளவு தண்ணீரை விட்டாலும் அந்த அடுக்கு முன்பு பிடித்த அளவைப் பிடிக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

[காட்சி: மலைகளுக்கு நடுவே நீலக் கோடாகக் கால்வாய்.]

சட்டம் வந்ததற்கு இரண்டு நெருக்கடிகள் காரணம். முதலாவது, கோர்ட்டில் வந்தது. பீக்கான் என்ற கொட்டை விளையும் ஒரு தோப்புக்கும் தாமிரச் சுரங்கத்துக்கும் நடந்த வழக்கில் 1976-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அடுத்தவருக்குப் பாதிப்பு வரும்படி நிலத்தடி நீரை வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கு வெளியே கிணறு போட்டுக் குழாயில் தண்ணீர் கொண்டுவரும் டூசான் நகரத்துக்கே அது வினையாகிவிட்டது.

இரண்டாவது நெருக்கடி வாஷிங்டனிலிருந்து. கொலராடோ ஆற்றிலிருந்து பாலைவனத்தைத் தாண்டி 336 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சென்ட்ரல் அரிசோனா திட்டம், சுருக்கமாக கேப். தண்ணீரை 2,900 அடி உயரம் மேலேற்றும் கால்வாய் அது. நிலத்தடி நீருக்குக் கட்டுப்பாடு போடாவிட்டால் கால்வாய்த் தண்ணீர் கிடையாது என்று 1979-இல் மத்திய உள்துறைச் செயலர் செசில் ஆண்ட்ரஸ் கண்டிப்பாகச் சொன்னார். நகரங்கள், சுரங்கங்கள், விவசாயிகள் மூன்று தரப்பையும் ஆளுநர் புரூஸ் பாபிட் ஒரே மேசையில் உட்கார வைத்தார். 1980 ஜூன் 12 அன்று நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

சட்டம் மாநிலம் முழுவதையும் தொடவில்லை. நிலைமை மோசமான நான்கு பகுதிகளை மட்டும் பிரித்து, மேலாண்மைப் பகுதி என்று பெயர் வைத்தது: பீனிக்ஸ், டூசான், பிரெஸ்காட், பினால். அங்கே புதிதாக ஒரு ஏக்கர்கூடப் பாசனத்துக்குக் கொண்டுவர முடியாது. நகராட்சி ஆனாலும் தனியார் கம்பெனி ஆனாலும், ஊருக்குத் தண்ணீர் தருபவர்களுக்கு சிக்கன விதிகள் உண்டு. பெரிய நிறுவனங்களுக்குக் குழாய்க் கசிவிலும் கணக்கில் வராமலும் போகும் தண்ணீர் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீனிக்ஸ், டூசான், பிரெஸ்காட் மூன்றுக்கும் 2025 என்று கெடு வைத்தார்கள். அதற்குள் வருஷா வருஷம் எடுப்பதும் உள்ளே போவதும் சரிக்குச் சரியாக வர வேண்டும். பினாலுக்கு அப்படி இல்லை. அங்கே விவசாயம் எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் ஓடட்டும், தண்ணீர் மெல்லக் குறைந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தே எழுதி வைத்தார்கள்.

[காட்சி: திரையில் பெரிய எழுத்தில்: 100 ஆண்டுகள்.]

இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் விதி இது. மேலாண்மைப் பகுதிக்குள் மனைப்பிரிவு போட வேண்டுமானால், அடுத்த 100 வருஷத்துக்கு அந்த வீடுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று முதலில் நிரூபிக்க வேண்டும். நிலத்தடி நீரைக் காட்டினால் கணக்கு இப்படி: சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் நூறு வருஷம் இறைத்த பிறகும், பீனிக்ஸ் பகுதியில் நீர்மட்டம் ஆயிரம் அடிக்குக் கீழே போயிருக்கக் கூடாது. ஆயிரம் அடி என்றதும் போர்வெல் வண்டிக்காரரிடம் அடிக் கணக்கில் பணம் எண்ணிக் கொடுத்தவர்களுக்கு அந்த ஆழம் புரியும். தாராளமான வரம்புதான். ஆனாலும் வரம்பு என்று ஒன்று இருக்கிறது.

1995-இல் இதற்கான விதிகள் இறுகின. நூறு வருஷம் தண்ணீர் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, எடுப்பதும் விடுவதும் சமமாக வேண்டும் என்ற குறிக்கோளுக்கும் அது ஒத்துவர வேண்டும் என்றார்கள். அப்படியானால் கால்வாய்த் தண்ணீர் எட்டாத இடத்தில், கிணற்றை மட்டும் நம்பி மனை போடுகிற பில்டர் என்ன செய்வார்? அவருக்காக 1993-லேயே சட்டமன்றம் ஒரு வழி திறந்து வைத்திருந்தது. மத்திய அரிசோனா நிலத்தடி நீர் மறுநிரப்பு மாவட்டம். மாவட்டம் என்று பெயர் இருந்தாலும் கால்வாயை நடத்தும் வாரியமே நடத்தும் ஒரு பிரிவுதான் இது.

வேலை இப்படி. மனைப்பிரிவு உறுப்பினராகச் சேர்கிறது. தண்ணீர் கம்பெனி வழக்கம்போல் கிணற்றிலிருந்து இறைத்து வீடுகளுக்குத் தருகிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு போனது என்று வருஷத்துக்கு ஒரு முறை வீட்டு வாரியாகக் கணக்கு அனுப்புகிறது. அனுமதித்த அளவுக்கு மேல் எடுத்த நிலத்தடி நீர் அத்தனையையும் மறுநிரப்பு மாவட்டம் மூன்று வருஷத்துக்குள் மண்ணுக்குள் திருப்பி வைக்க வேண்டும். அதற்கான செலவுதான் சொத்து வரிச் சீட்டில் நாம் பார்த்த வரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைப்பிரிவுகள் இப்படிச் சேர்ந்திருக்கின்றன.

[காட்சி: பாலைவனத்தில் பாத்தி கட்டின மாதிரி அகலமான குளங்கள். ஒன்றில் நீர், பக்கத்தில் காய்ந்து வெடித்த தரை.]

திருப்பி வைப்பது என்றால் எப்படி? பார்க்கச் சாதாரணமாக இருக்கும். தண்ணீர் இறங்கும் மணற்பாங்கான இடமாகப் பார்த்து ஆழமில்லாத குளங்கள் வெட்டி, கால்வாய்த் தண்ணீரை விடுகிறார்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சில வாரத்தில் வண்டலும் பாசியும் சேர்ந்து தரையை மூடிவிடும், இறங்குவது மந்தமாகும். உடனே தண்ணீரை நிறுத்தி, வெயிலில் காயவிட்டு, மேல் தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். அதனால்தான் ஒரு குளம் நிரம்பியும் பக்கத்துக் குளம் காய்ந்தும் கிடக்கிறது. குளம் வெட்டாமலும் செய்யலாம். விவசாயி தன் பம்ப்செட்டை நிறுத்திவிட்டுக் கால்வாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால், அவர் இறைக்காமல் விட்டதையே சேமித்த கணக்கில் எழுதுவார்கள்.

டூசான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1992 நவம்பரில் கால்வாய்த் தண்ணீரைச் சுத்திகரித்து நேராக வீடுகளுக்கு விட்டார்கள். அதுவரை கிணற்றுத் தண்ணீரே ஓடிய பழைய இரும்புக் குழாய்களுக்கு இந்தத் தண்ணீரின் தன்மை ஒத்துக்கொள்ளவில்லை. பல வருஷமாக உள்ளே படிந்திருந்த துரு பெயர்ந்து வந்தது. குழாயைத் திறந்தால் தேநீர் நிறம். துவைத்த வெள்ளைத் துணியில் கறை. மக்கள் பொறுக்கவில்லை. 1995-இல் வாக்கெடுப்பு நடத்தி, நேரடியாக விடுவதற்குத் தடை போட்டார்கள். நகரம் பக்கத்திலிருந்த ஆவ்ரா பள்ளத்தாக்கில் குளங்கள் வெட்டி, கால்வாய்த் தண்ணீரை மண்ணுக்குள் விட்டு, அடியில் இருந்த நீரோடு கலந்த பிறகு கிணறு வழியாக மேலே எடுக்கத் தொடங்கியது. 2001-இலிருந்து வீடுகளுக்கு அந்தக் கலந்த நீர். நகரத்துக்கு நடுவே இருந்த பழைய கிணறுகளுக்கு ஓய்வு கிடைத்தது. அங்கே நீர்மட்டம் திரும்ப ஏறியது. இறைக்கும் இடத்தின் பக்கத்திலேயே திருப்பி விட்டதால் டூசானில் கணக்கும் கிணறும் ஒன்றாக ஏறின.

[காட்சி: பீனிக்ஸ் பகுதியின் வரைபடம். மேற்கு ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி, தென்கிழக்கில் ஒரு சிவப்புப் புள்ளி.]

பீனிக்ஸுக்கு வருவோம். எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதே மேலாண்மைப் பகுதிக்குள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பீனிக்ஸ் பகுதியின் பரப்பு 5,600 சதுர மைலுக்கு மேல். தென்கிழக்கு மூலையில் கிணறு போட்டு உறிஞ்சிவிட்டு, மேற்கு ஓரத்தில் குளம் வெட்டித் தண்ணீர் விட்டால் புத்தகத்தில் கணக்கு நேராகிவிடும். ஆனால் நிலத்துக்குள் தண்ணீர் அவ்வளவு தூரம் ஓடி வராது. நடுவே பாறை இருக்கும், களிமண் இருக்கும். வருஷத்துக்குச் சில அடி, சில நூறு அடி நகர்ந்தாலே பெரிது. ஒரு பக்கம் தண்ணீர் மேடு கட்டும், இன்னொரு பக்கம் மண் நசுங்கும். நசுங்கியது உப்பாது என்று முன்பே சொன்னேன் அல்லவா? 1993-இல் எழுதிய சட்டத்தில் இது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். சீட்டில் கட்டணம் கட்டியவர் தன் வீட்டுக்கு அடியில் தண்ணீர் திரும்புகிறது என்றுதான் நம்புவார். அப்படி நம்ப அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

நூறு வருஷ விதிதான் கடைசியில் இதை வெளியே கொண்டுவந்தது. 2023 ஜூன் 1. ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், நீர்வளத் துறையின் புதுக் கணிப்பை வெளியிட்டார். பீனிக்ஸ் பகுதியில் அடுத்த 100 வருஷத்தில் நிலத்தடி நீருக்கான தேவையில் 48.6 லட்சம் ஏக்கர்-அடி கிடைக்காது. ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத் தண்ணீர், சுமார் 12.3 லட்சம் லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் ஏறக்குறைய 211 டி.எம்.சி. மேட்டூர் அணை இரண்டேகால் தடவை நிரம்பும். மொத்தத் தேவையில் இது 4 சதவீதம்தான். ஆனால் விதி விதிதான். கிணற்றை மட்டும் காட்டிப் புதிதாக மனைப்பிரிவு அனுமதி இனி கிடையாது என்று துறை சொல்லிவிட்டது. ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்த சுமார் 80,000 மனைகளைத் தொடவில்லை. பக்கை, குவீன் க்ரீக் போன்ற விளிம்பு ஊர்களில் அடி விழுந்தது. பில்டர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு வந்த மாற்று வழிகளில் ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது. தண்ணீர் நிறுவனம் வெளியிலிருந்து புதுத் தண்ணீர் கொண்டுவந்தால் அனுமதி உண்டு. ஆனால் அதில் கால் பங்கு, ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீருக்குப் பதிலாகப் போக வேண்டும். 2025-இல் இன்னொன்றும் வந்தது. வயலைத் தரிசாக விட்டு, அதன் நீர் உரிமையில் ஒரு பகுதியை வீடுகளுக்கு மாற்றலாம்.

சட்டத்தின் ஓட்டைகளில் ஒன்றையாவது சொல்லியாக வேண்டும். மனைப்பிரிவு என்றால் ஆறு மனை அல்லது அதற்கு மேல். ஐந்தோடு நிறுத்தினால் நூறு வருஷ விதி பொருந்தாது. இப்படி ஐந்து ஐந்தாகப் பிரித்தே எழுந்த ஊர்தான் ரியோ வெர்டி ஃபுட்ஹில்ஸ். அங்கே சுமார் 500 வீடுகள் பக்கத்து ஸ்காட்ஸ்டேல் நகரத்திலிருந்து லாரியில் வந்த தண்ணீரை நம்பியிருந்தன. 2023 ஜனவரி 1 அன்று, எங்கள் ஊருக்கே தண்ணீர் போதவில்லை என்று ஸ்காட்ஸ்டேல் அதை நிறுத்திவிட்டது. பேப்பர் தட்டில் சாப்பிட்டு, மழைத் தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றினார்கள் அங்கே குடியிருந்தவர்கள். விதியை வளைத்தவர் வேறு யாரோ, அவதிப்பட்டது வீடு வாங்கியவர்.

[காட்சி: மறுபடியும் கால்வாய். கரையோரம் வெள்ளைக் கோடு, தண்ணீர் அதற்குக் கீழே.]

திருப்பி வைக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அதே கொலராடோ கால்வாயிலிருந்துதான். 1968-இல் மத்திய அரசின் ஒப்புதலைப் பெறுவதற்காக, பற்றாக்குறை வந்தால் கலிபோர்னியாவுக்குப் பிறகுதான் தங்களுக்கு என்று அரிசோனா ஒத்துக்கொண்டது. ஆற்றில் பற்றாக்குறை அறிவித்தபோது 2022-இல் அரிசோனாவின் பங்கில் 5,12,000 ஏக்கர்-அடி வெட்டு. அடுத்த வருஷம் 5,92,000. வெட்டு முக்கியமாகக் கால்வாய்மேல்தான் விழுந்தது. 2007-இல் போட்ட பகிர்வு விதிகளின் காலம் 2026 முடியும் வரைதான். ஆற்றை நம்பியிருக்கும் ஏழு மாநிலங்களும் அடுத்த விதிகளைப் பேசிக்கொண்டிருக்கின்றன.

அந்தச் சீட்டில் உள்ள கட்டணம் பல வருஷமாக ஏறுமுகம்தான். தண்ணீர் கம்பெனி தன் கணக்கை வழக்கம்போல் அனுப்பும்: இந்த வீட்டுக்கு இவ்வளவு, அந்த வீட்டுக்கு இவ்வளவு. அதிலிருந்து மறுநிரப்பு மாவட்டத்துக்கு மூன்று வருஷக் கெடு ஓடத் தொடங்கும்.