உப்பிய சிப்ஸ் பாக்கெட்

வணக்கம் நேயர்களே. பெங்களூரு அல்சூரில் பியூசி, அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். வாயு விதிக் கணக்கு என்றாலே அவர்கள் பாயிலா, சார்லஸா என்று சீட்டு எடுப்பதுபோல ஒரு பார்முலாவைப் பிடித்து எண்களைப் போட்டுவிடுவார்கள். இதில் எது மாறவில்லை என்று பாருங்கள் என்பேன். வெப்பநிலை மாறவில்லையா, பாயில் 1662-ல் சொன்ன விதி: அழுத்தம் குறைந்தால் கன அளவு கூடும். அழுத்தம் மாறவில்லையா, சார்லஸ் விதி: சூடு கூடினால் கன அளவும் கூடும். இரண்டுமே மாறி, வாயு மட்டும் கசியாமல் இருந்தால் மூன்றையும் சேர்த்த சமன்பாடு: அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வெப்பநிலையால் வகுத்தால், முன்னும் பின்னும் ஒரே விடை வரும்.

இதுவரை எல்லாரும் வந்துவிடுகிறார்கள். சறுக்குவது இதற்கு அப்புறம்தான்.

ஒரு மாணவன் சென்னையில் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் திரும்பினான். கையில் பிரிக்காத சிப்ஸ் பாக்கெட். “ஜோலார்பேட்டை தாண்டி வர வர தலகாணி மாதிரி உப்பிடுச்சு மிஸ்” என்றான். சரி, அதையே கணக்காகப் போடு என்றேன். சென்னையில் அழுத்தம் 1 அட்மாஸ்பியர், 30 டிகிரி. பெங்களூரு 900 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால் இங்கே சுமார் 0.9, அன்றைக்கு 24 டிகிரி. உள்ளே 1,000 மில்லி வாயு. உறை தாராளமாக விரியும் என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் விரியாது, அதனால்தான் விறைத்துக்கொள்கிறது.

1,000-ஐ 0.9-ஆல் வகுத்தான், 24-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தான். 889 வந்தது. நோட்டைப் பார்த்தான், பாக்கெட்டைப் பார்த்தான். கணக்குப்படி அது சுருங்கியிருக்க வேண்டும்!

செல்சியஸில் பூஜ்ஜியம் என்பது தண்ணீர் உறைகிற இடம், அவ்வளவுதான். வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாயுவின் பூஜ்ஜியம் அதற்கும் 273 டிகிரி கீழே இருக்கிறது. அங்கிருந்து எண்ணினால் 30 டிகிரி 303 கெல்வின், 24 டிகிரி 297. இப்போது போட்டால் 1,089 மில்லி. அழுத்தம் குறைந்ததில் கிடைத்த விரிவு பெரியது, குளிர்ச்சி தின்றது வெறும் இரண்டு சதவீதம்.

டயரிலும் இதே வம்பு உண்டு. பெட்ரோல் பங்கில் 27 டிகிரியில் 32 பிஎஸ்ஐ காற்று பிடித்துவிட்டு, வெயிலில் ஓசூர் வரை ஓட்டியதில் உள்ளே 47 டிகிரி ஆகிவிட்டது. மானி என்ன காட்டும்? டயரின் கன அளவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, கெல்வினுக்கு மாற்றி 320-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 34 சொச்சம் வரும். தப்பு. டயர் முழுக்க இறங்கிக் கிடந்தாலும் உள்ளே ஊர்க்காற்று இருக்கும். ஆனால் மானி பூஜ்ஜியம் காட்டும், ஏனென்றால் வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே அது சொல்லும். ஆகவே பெங்களூரு காற்றின் 13 பிஎஸ்ஐயை முதலில் கூட்டுங்கள். 45 ஆகிறது. சூடானதும் 48. மானியில் தெரிவது 13 போக 35.

“பங்கில் காசு வாங்கிக்கொண்டு நைட்ரஜன் அடிக்கிறார்களே மிஸ், அது?” என்று ஒரு பெண் கேட்டாள். ஈரமில்லாத காற்றாக இருந்தால் அதுவும் அதே 35தான் என்றேன்.