விழுந்ததை மறைக்காதீர்கள் அம்மா

நேயர்களுக்கு வணக்கம். முதியோர் நலப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் நான்.

"சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களாம்மா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கூட வந்த மருமகள் தயங்கித் தயங்கி, "போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க" என்பார். அடி படவில்லை, அதனால் அது கணக்கில் வரவில்லை. சொன்னால் கோயிலுக்குத் தனியாக அனுப்ப மாட்டார்கள், அடுப்படிப் பக்கம் விட மாட்டார்கள் என்ற பயமும் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு முறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு அதிகம். எங்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கையே அதுதான்.

65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுதோறும் விழுகிறார். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகத் தேய்வதால், லேசாக விழுந்தாலும் மணிக்கட்டோ இடுப்போ முறிந்துவிடுகிறது.

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் முட்டுகிறது. அடக்க முடியாது, ஓட வேண்டும். பிரஷர் மாத்திரை போட்டிருப்பவர் சட்டென்று எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டுகிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பதால் தரை சரியாக உறைக்கவில்லை. கண்ணில் புரை. லைட்டைப் போட்டால் பேரப்பிள்ளைகள் விழித்துக்கொள்வார்களே என்று இருட்டிலேயே நடக்கிறார். நைட்டி காலில் தட்டுகிறது, குளியலறை வாசலில் ஈரம். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய ஆபத்தில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் விழுகிறார். "வயசாச்சு, விழத்தான் செய்வாங்க" என்று சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. இவற்றில் இரண்டைச் சரிசெய்தாலே அந்த இரவு வேறு மாதிரி முடியலாம்.

சிறுநீரை அடக்க முடியாததைப் பெண்கள் வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் இருக்கிறார்கள். அதற்கு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சிகள் இருக்கின்றன, சிகிச்சையும் இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். ரத்த அழுத்தத்தைப் படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்று மூன்று நிமிடங்களுக்குள் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி குறைந்தால் மருந்தை மருத்துவர் மாற்றி அமைப்பார். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

விழுந்துவிடுவோமோ என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்து, நடை இன்னும் தள்ளாடும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கம்போல் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எப்போது விழுந்தீர்கள், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.