கச்சாங் கொடியும் நம் ரத்தமும்

வணக்கம் நேயர்களே. போன மாதம் பினாங்கில் அக்கா வீட்டுப் பின்பக்கம் கச்சாங் (பயறு) கொடிகள் நெருக்கமாக வளர்ந்திருந்தன. ஒன்றை வேரோடு பிடுங்கினேன். வேர் முழுக்க மிளகு அளவில் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. "என்னடா, ரத்தம் மாதிரி இருக்கு!" என்றார் அக்கா.

அக்கா விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மைதான். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்குத் தூரத்துச் சொந்தம். சொந்தம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? நிறத்தை வைத்து என்றால் பீட்ரூட்டும் உறவாகிவிடும்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து கொடுத்தால், நம் ஹீமோகுளோபினின் ஆல்பா சரத்தில் 141 எழுத்து, பீட்டாவில் 146. ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நீளம் ஒத்துவராதே?

எங்கள் அப்பா பெயர் மருதமுத்து. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) தயவில் அக்காவின் பிறப்புப் பத்திரத்தில் அவர் 'மார்முத்து'. இரண்டையும் அடுக்குங்கள். 'ம'வுக்குக் கீழே 'மா', 'ரு'வுக்குக் கீழே 'ர்', 'த'வுக்குக் கீழே வெற்றிடம், அப்புறம் 'முத்து' அப்படியே பொருந்துகிறது. வெற்றிடத்தை எங்கே விட்டால் பொருத்தம் அதிகம் என்று கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் வழியை 1970இல் நீடில்மேன், வுன்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். எழுத்து மாறினாலும் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. 1992இல் ஹெனிகாஃப் தம்பதி தந்த புளோசம்62 அட்டவணையில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்கு லியூசினே இருந்தால் 4 மதிப்பெண். அதன் இடத்தில் ஐசோலியூசின் வந்தாலும் 2 உண்டு. அரிதான ட்ரிப்டோஃபான் மாறாமல் இருந்தால் 11!

சரி, மதிப்பெண் வந்துவிட்டது. தற்செயலாக வந்ததாக இருந்தால்? 1990இல் வந்த பிளாஸ்ட் நிரல் இதற்கும் ஓர் எண் தரும்: இத்தனை பெரிய தரவுக் கிடங்கில் இவ்வளவு நல்ல பொருத்தம் சும்மாவே எத்தனை முறை கிடைக்கும்? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். எத்தனை எழுத்து ஒத்துப்போகிறது என்ற சதவீதம் ஏமாற்றும்.

ஆல்பாவும் பீட்டாவும் நூற்றுக்கு 40க்கு மேல் ஒத்துப்போகின்றன. தசையில் உள்ள மையோகுளோபினை அவற்றோடு ஒப்பிட்டால் 25 போல. கச்சாங் வேரின் புரதத்தை வைத்தால் 20க்கும் கீழே. இங்கே இரண்டை மட்டும் அடுக்கினால் போதாது, குடும்பத்தையே வரிசையாக நிறுத்த வேண்டும். அப்போது சில இடங்கள் அசையாமல் நிற்பது தெரியும். இரும்பைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் திமிங்கிலத்திலும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது, கச்சாங்கிலும் இருக்கிறது. 1997இல் வந்த சை-பிளாஸ்ட் நிரல் இந்த வழியில்தான் தேடுகிறது.

எழுத்து அழிந்தாலும் புரதச் சரம் மடங்கி எடுக்கும் வடிவம் லேசில் அழியாது. இப்போது ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த வடிவங்களே 20 கோடிக்கு மேல். அவற்றுக்குள் வேகமாகத் தேட ஃபோல்ட்சீக் என்ற நிரல் என்ன செய்கிறது தெரியுமா? வடிவத்தையே 20 எழுத்துகளாக மாற்றிக்கொள்கிறது! சுற்றிச் சுற்றி சுப்பன் கொல்லைதான். வடிவம் ஒத்திருந்தாலே உறவு என்றும் நான் எழுதித் தர மாட்டேன். வேறு வேறு வழியில் வந்தும் ஒரே வடிவம் அமையலாம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "சொந்தம்னு சொல்லிட்டுக் குப்பையில போடறியே" என்றார். திரும்ப நட்டேன். இரண்டு நாளில் வாடிவிட்டது.